பிள்ளையார் கோயிலிலிருந்து செத்த காலேஜுக்கு

ஏற்காட்டுக்குப் போகிறவர்களின் வேலைப் பட்டியல் ஊரறிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுவது, பாதி மலையில் பின்சீட்டுப் பையன் வாந்தி எடுப்பது, ஏரியில் மிதிபடகு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே தெரியும் சேலத்தில் “நம்ம வீடு எங்க இருக்கு பாரு” என்று தேடுவது, குரங்குக்குப் பயந்து பொரி பாக்கெட்டை முந்தானைக்குள் ஒளிப்பது, கடைசியில் கால் கிலோ மிளகும் அரைக் கிலோ காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்குவது. இதில் எந்த இடத்திலும் பிள்ளையார் வருவதில்லை. வந்திருக்க வேண்டும். சேர்வராயன் மலையில் முதன்முதலில் அருங்காட்சியகம் நடத்தியவர் அவர்தான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாகலூரும் அதன் சுற்றுவட்டாரமுமாகப் பரந்து கிடக்கிற இந்த மலைக் கிராமங்களில், காடு திருத்தும்போதும் நிலம் கொத்தும்போதும் கையில் அகப்பட்ட ஒரு வகைக் கல்லை மக்கள் தூக்கி எறியாமல் கொண்டுவந்து பிள்ளையார் முன்னால் வைத்தார்கள். ஒரு பக்கம் குறுகிக் கூம்பி, மறுபக்கம் கோடாலி வாய் போல அகன்று தீட்டப்பட்டு, உடம்பெல்லாம் வழவழப்பாக இருக்கும் கருங்கல். சில உள்ளங்கை அளவு, சில அதைவிடப் பெரிது. எண்ணெய் குடித்துக் குடித்து இன்னும் கறுத்து, குங்குமம் வாங்கி, பிள்ளையாரின் பரிவாரம் போல வரிசையாக உட்கார்ந்திருந்த இந்தக் கற்களைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவை புதிய கற்காலத்துக் கோடரிகள். வயது மூவாயிரமோ நாலாயிரமோ இருக்கும்.

ஒரு காட்சிக்கூடத்துக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பொருள் பத்திரமாக இருக்க வேண்டும், இருந்தது. யாரும் களவாடக் கூடாது. சாமி கண்ணைக் குத்தும் என்கிற பயத்தைவிட உறுதியான கண்ணாடிப் பெட்டியை எந்த அரசும் இதுவரை டெண்டர் விட்டு வாங்கியதில்லை. பார்வையாளர் வர வேண்டும். கட்டணமில்லை, வெள்ளிக்கிழமை விடுமுறையில்லை, சதுர்த்திக்குப் பொங்கல் வேறு. காப்பாட்சியர் பணியிடம் காலியாகக் கிடக்கக் கூடாது. இந்தக் காப்பாட்சியருக்கு இடமாறுதலும் கிடையாது, ஓய்வும் கிடையாது. குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று சொல்லலாம்: விளக்க அட்டை இல்லை. அட்டை எழுதத்தான் பிற்பாடு சீமையிலிருந்து ஆள் வந்தது. அந்தக் கதைக்கு முன்னால் கல்லைச் செய்தவரைப் பார்த்துவிடுவோம்.

அவர் பெயர் தெரியாது. பாறையில் “செல்வம் ராணி” என்று பெயர் பொறித்து அம்பு விடும் நாகரிகம் மலைக்கு வர அப்போது இன்னும் சில ஆயிரம் ஆண்டுகள் இருந்தன. ஆகவே நம்மாள் என்று வைத்துக்கொள்வோம். நம்மாள் காலத்து மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, மலையை விட்டு வடக்கே இறங்கித் திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளிக்குப் போக வேண்டும். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது மெருகேற்றிய கற்கோடரிகளோடு, தரையில் குழி பறித்து மேலே கூரை போட்ட வீடுகளின் தடயமும், கருகிப் போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கொள்ளு என்றதும் எனக்குப் பெரிய ஆறுதல். ஏற்காட்டுக் குளிரில் சளி பிடித்தால் என்ன செய்வது என்கிற கேள்விக்கு அன்றைக்கே விடை இருந்திருக்கிறது.

கற்கோடரி என்றால் கல்லை எடுத்து நாலு தட்டு தட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது பழைய கற்காலத்து முறை. அவர்கள் அவசரக்காரர்கள், தட்டினார்கள், மானை அறுத்தார்கள், கல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள். புதிய கற்காலம் வேறு ரகம். முதலில் நுண்மணிக் கருங்கல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில்லு சில்லாகத் தட்டி உருவம் கொண்டுவர வேண்டும். பிறகு இன்னொரு கல்லால் பொட்டு பொட்டாகக் கொத்தி மேடு பள்ளத்தைச் சமன்படுத்த வேண்டும். அதன்பின் பாறையில் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்து, திருப்பிப் போட்டுத் தேய்த்து, வாய்ப்பக்கம் கூர் வந்ததும் நிறுத்தினாலே மரம் வெட்டலாம். நம்மாள் நிறுத்தவில்லை. கோடரி முழுவதையும் பளபளப்பாக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

“ஏங்க, இன்னும் அதையேதான் தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்களா?”

“மெருகு வரணும்ல.”

“வெட்டப் போறது மரம். மரத்துக்கு மெருகு தெரியுமா?”

“பக்கத்துக் குழிக்காரன் கோடாலியைப் பார்த்தியா? மூஞ்சி தெரியுது.”

இப்படி ஒரு பேச்சு நடந்ததற்குச் சான்று கிடையாது. நடக்கவில்லை என்பதற்கும் கிடையாது. ஆனால் காம்புக்குள் மறைந்துவிடப் போகிற பாகத்தைக்கூட எதற்காக அத்தனை பாடுபட்டு மெருகேற்றினார்கள் என்பது உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. அந்தஸ்து, சடங்கு, பரிமாற்றம் என்று கனமான சொற்களில் விடை சொல்கிறார்கள். ஆயுதபூஜைக்கு முதல் நாள் நம் தெருவில் ஒருவர் பல் தேய்த்த பழைய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பைக்கின் சங்கிலிக் கண்ணி ஒவ்வொன்றையும் துலக்குவதைப் பார்த்தால் அவர்களுக்கு மேற்கொண்டு மானியம் கேட்க வேண்டியிருக்காது.

சரி, கோடரி வந்தது, காடு திருந்தியது, பயிர் விளைந்தது. நம்மாள் சுகமாக இருந்தாரா என்றால், அங்கேதான் விதி இரும்பு வடிவில் வந்தது. பாடப் புத்தகத்தில் படித்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது: முதலில் கல், பிறகு இரும்பு, ஒருவர் எழுந்த நாற்காலியில் அடுத்தவர். இப்போது அந்த ஒழுங்கு கலைந்துவிட்டது. பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 2172 என்று தேதி வந்திருப்பதாக 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் வந்த மாநிலத் தொல்லியல் துறை அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையை வைத்து அதையும் தாண்டி நான்காம் ஆயிரமாண்டுக்கே போய்விட்டது. இந்தச் சேலம் மாவட்டத்திலேயே மேட்டூர்ப் பக்கம் தெலுங்கனூரிலும் மாங்காட்டிலும் ஈமக்குழிகளில் இரும்பு வாள்கள் கிடைத்திருக்கின்றன. இவற்றின் பழமையும் கிறிஸ்துவுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியதாகக் கணக்காகிறது.

இதை நம்மாள் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கரிமத் தேதி அறிக்கை வரும்போதும் அவர் பிழைப்பில் மண் விழுகிறது. மலைமேல் அவர் குளிரில் குத்துக்காலிட்டு இரண்டாவது பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கீழே ஒருவன் உலை மூட்டி அதே நேரத்தில் நாலு கோடாலி அடித்துவிட்டான். உழைப்புக்கு மரியாதை இல்லை என்று புலம்புவதற்கு அவரைவிடத் தகுதியானவர் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

கல் கைவிடப்பட்டது. மண் மூடியது. தலைமுறைகள் போயின. பிறகு ஒருநாள் யாரோ கொத்தியபோது அது வெளியே வந்தது. எடுத்தவருக்கு இது மனிதன் செய்தது என்று தோன்றவில்லை. மனிதனுக்கு இத்தனை பொறுமை ஏது? அதனால் சாமியிடம் கொடுத்தார். இதைக் கேட்டு நாகரிகக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கும் முன்னால் மற்ற ஊர்க் கதையையும் கேட்க வேண்டும். ஐரோப்பா முழுக்க, படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல், இந்தக் கற்கோடரிகளை வானத்திலிருந்து இடியோடு விழுந்தவை என்றே நம்பினார்கள். ஒருமுறை இடியோடு விழுந்த கல் இருக்கும் வீட்டில் மறுமுறை இடி விழாது என்று கூரைக்குள் செருகி வைத்தார்கள். ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் தன் காப்ரித் தீவு மாளிகையில் பூதங்களின் எலும்புகளையும் பழைய வீரர்களின் ஆயுதங்களையும் சேர்த்து வைத்திருந்ததாக அவருடைய வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் சொல்கிறார். பூதங்களின் எலும்பு என்றது மண்ணில் புதைந்திருந்த பழங்கால விலங்குகளின் எலும்பு. ஆக, உலகையே ஆண்டவர் கண்டது பூதம். நாகலூர்க்காரர் கண்டது பிள்ளையார். இரண்டில் எது நிதானமான முடிவு என்று வாசகர்களே சொல்லட்டும்.

மலையில் இப்போது வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுகிறவர்கள். பேசுவது தமிழ். அவர்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றும், மூத்தவர் சேர்வராயனுக்கு வந்தார், தம்பிகள் வேறு மலைகளுக்குப் போனார்கள் என்றும் கதை உண்டு. கோடரி செய்தவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவில் யார் யார் வந்தார்கள், போனார்கள் என்பது பெரிய இடைவெளி. ஒன்று மட்டும் நிச்சயம்: வந்தவர்கள் தங்களுக்கு முன்னால் இங்கே யாரோ இருந்திருக்கிறார்கள் என்பதன் அடையாளத்தைக் காலால் எத்தாமல் மேலே எடுத்து வைத்தார்கள். வரலாற்றில் புதிதாகக் குடியேறியவர்கள் பெரும்பாலும் இப்படி நடந்துகொண்டதில்லை.

அடுத்துக் குடியேறியவர்கள் துரைமார்கள். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலைக்குக் காப்பியும் ஆரஞ்சும் பேரியும் கொண்டுவந்தார். ஏற்காட்டின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஏற்காடு தந்தையில்லாமல் எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. காப்பி வந்ததும் எஸ்டேட் வந்தது, எஸ்டேட் வந்ததும் பங்களா, பங்களாவுக்குத் தேவாலயம், தேவாலயத்துக்குப் பாதிரியார். இந்த வரிசையில் வந்து சேர்ந்தவர்களில் என் மனத்துக்குப் பிடித்தவர் பீட்டர் பெர்சிவல்.

பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரியாக இருந்தவர். தமிழில் பைபிளை மொழிபெயர்க்க அவர் துணைக்கு வைத்துக்கொண்ட இளைஞர் பெயர் ஆறுமுகம். பின்னாளில் ஆறுமுக நாவலர். பைபிளைத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டு, அதே கையோடு மிஷனரிகளைக் கிழித்துச் சைவப் பிரசாரம் செய்த நாவலரேதான். பெர்சிவல் பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ‘தினவர்த்தமானி’ என்று தமிழில் பத்திரிகை நடத்தினார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-இல் புத்தகமாக வெளியிட்டார். கடைசிக் காலத்தில் ஏற்காட்டுக்கு வந்து 1882-இல் இங்கேயே கண்ணை மூடினார்.

அவருடைய மருமகன்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட். மாமனார் ஊர் ஊராகப் போய்ப் பழமொழி பொறுக்கினார். மாப்பிள்ளை ஊர் ஊராகப் போய்க் கல் பொறுக்கினார். இப்படி ஒரு குடும்பம் வாய்த்த வீட்டில் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே ஆனந்தமாக இருக்கிறது. கல்லானாலும் கணவன் என்ற பழமொழியை மாமனார் மகளிடம் சொல்லியிருந்தால், “கணவன் மட்டுமா அப்பா, கட்டிலுக்குக் கீழேயும் கல்தான்” என்று அந்த அம்மாள் பதில் சொல்லியிருப்பார்.

ஃபூட் 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், படைப் பயிற்சி மைதானத்துக்குப் பக்கத்தில் சரளை தோண்டிய குழியருகே நடந்துகொண்டிருந்தார். மே மாதக் கடைசியில் பல்லாவரத்து வெயிலில் வேலையில்லாமல் நடக்கிறவரை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எழுத வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கையில் அகப்பட்டது இந்தியாவிலேயே முதன்முதலாக இன்னதென்று அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கைக்கோடரி. அடுத்த சில மாதங்களில், வில்லியம் கிங் என்ற சகாவோடு, திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். அந்த அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்புவும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2011-இல் நிறுவினார்கள். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பது மற்றவர்கள் கதி. ஃபூட்டுக்கு நாயே தேவைப்படவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் ஏற்காட்டில் ஐவி காட்டேஜ் என்ற வீட்டில் குடியேறினார். ஓய்வு பெற்ற அதிகாரி மலைக்கு வந்தால் ரோஜா வளர்ப்பார், நாய் வளர்ப்பார், பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார். இவர் கல் தேடினார். தேடப் போனவருக்குப் பெரிய போட்டியாளர் ஒருவர் ஏற்கெனவே மலை முழுக்கக் கிளை திறந்து, மரத்துக்கு மரம் சேகரித்து வைத்திருக்கிறார் என்பது தெரிய வந்திருக்கும். தும்பிக்கையோடு. அந்தப் பேரம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன்.

“தொரை கல்லு கேக்கறாரு.”

“காட்டுல இல்லாத கல்லா? எடுத்துக்கச் சொல்லு.”

“காட்டுக் கல்லு இல்ல. சாமிகிட்ட இருக்கிற கல்லு.”

“எதுக்கு? தொரைக்கு ஏதாச்சும் நேர்த்திக்கடனா?”

“நேர்த்திக்கடன் இல்ல. நம்பர் போட்டுப் பொட்டியில வெப்பாராம்.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

“பூசை?”

“கெடையாது.”

பூசாரி துரையை ஏற இறங்கப் பார்த்திருப்பார். பாவம், நல்ல மனுஷன், இப்படி ஆகிவிட்டாரே என்று தோன்றியிருக்கும். பைத்தியம் கேட்டால் மறுக்கக் கூடாது என்று ஒன்றிரண்டைக் கொடுத்துமிருப்பார். மலையில் இருவரும் ஒருவரை ஒருவர் மூடநம்பிக்கைக்காரர் என்று நினைத்துக்கொண்டே மரியாதையாகப் பிரிந்திருப்பார்கள்.

1904-இல் ஃபூட் தம் வாழ்நாள் சேகரிப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். கற்கள் மாட்டு வண்டியும் ரயிலும் ஏறி எழும்பூருக்குப் போயின. வாங்கியபோது அங்கே கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதி எழுதியவர். மூக்கு அளக்கும் கருவியைச் சட்டைப் பை சாவி போலக் கூடவே வைத்திருந்தவர்; அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களைக்கூட நிறுத்தி வைத்து அளந்திருக்கிறார். பொருளைப் பார்க்கப் போனவர்கள் பொருளாகித் திரும்பினார்கள். இவ்வகையில் கற்கள் அதிர்ஷ்டம் செய்தவை; அவற்றுக்கு மூக்கில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னைவாசிகள் வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ். இந்த இரண்டு கல்லூரிகளும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில் இருந்தவை. 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கியபோது பொறுப்பேற்ற எட்வர்டு பால்ஃபர், கல்லையும் பாடம் செய்த பறவையையும் மட்டும் வைத்தால் கூட்டம் வராது என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார். உயிரோடு சிறுத்தையும் புலியும் கொண்டுவந்து கட்டினார். ஜனங்கள் திரண்டார்கள். 1855-இல் அதுவே விலங்குக் காட்சிசாலை ஆயிற்று. பிறகு வேறு இடத்துக்குப் போனது. வரலாற்றைப் பார்க்க மக்களை வரவழைக்க வாசலில் ஒரு புலியைக் கட்ட வேண்டும் என்கிற பால்ஃபர் சித்தாந்தத்துக்கு இன்றுவரை யாரும் மறுப்புரை எழுதவில்லை.

புலி போன பிறகு திமிங்கிலம் இருக்கிறது. அதன் எலும்புக்கூட்டைப் பார்க்கத்தான் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கற்காலப் பகுதியில் நான் நின்றிருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. அம்மா கைப்பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தார். பையன் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, “அப்பா, எல்லாம் வெறும் கல்லுப்பா” என்றான். அப்பா, “சும்மா பாருடா, அறிவு வளரும்” என்றார். “எவ்ளோ நேரம் பாக்கணும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அப்பாவிடம் பதிலில்லை, திமிங்கிலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் மாவட்டத் தலைநகர் அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே கதைதான். முற்றத்தில் வேப்பமரத்தடியில் நடுகல் வரிசை. அதிலே ஆநிரை மீட்கப் போய் அம்பு வாங்கிச் செத்த வீரன், இப்போது காக்கை எச்சத்தை மீட்க வழியில்லாமல் நிற்பான். உள்ளே போனால் ஒரு கண்ணாடிப் பெட்டியில் நாணயம், ஒன்றில் பனையோலை, ஒன்றில் வைக்கோல் அடைத்த ஏதோ ஒரு பறவை, கடைசிப் பெட்டியில் “கற்கோடரி, புதிய கற்காலம்”. இந்த மூன்று சொல்லுக்குள், சளிக்குக் கொள்ளு காய்ச்சியவரும், பக்கத்துக் குழிக்காரரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவரும், பொங்கல் வாங்கித் தின்ற பூசாரியும், வெயிலில் அலைந்த துரையும் அடங்கிப் போகிறார்கள்.

ஃபூட் தம் சேகரிப்புக்கு எழுதிய விளக்கப் பட்டியல் 1914-இலும் அதன் துணைநூல் 1916-இலும் வெளிவந்தன. இரண்டையும் அவர் அச்சில் பார்க்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்துவிட்டார். கல்கத்தா என்றதும் இன்னொரு கல் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஊரை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லின் வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டினார். பல்லாவரத்துப் பாறையும் அதே வகை, சேர்வராயன் மலையும் அதே வகை. கோடி கோடி ஆண்டுகளாகப் பெயரில்லாமல் நிம்மதியாக இருந்த ஒரு மலைக்கு, எங்கோ ஒரு கும்பினி வியாபாரியின் சமாதியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். மலையின் உச்சியிலிருந்த பாக்சைட்டையோ வெட்டி மேட்டூருக்கு இறக்கி அலுமினியமாக்கினார்கள். கல்லை மாற்றல் செய்வதில் நம் அரசுகளுக்கு எக்காலத்திலும் தயக்கம் இருந்ததில்லை.

ஃபூட்டின் நினைவுச் சின்னம் ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. கோடை விழாவுக்கு வரும் கூட்டத்தில் அங்கே போய் நிற்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தை முதலில் திறந்து காட்டியவர் என்று பாடப் புத்தகம் சொல்லும் மனிதர், பொரிக்குக் காத்திருக்கும் குரங்கு பெறும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கையாவது பெற வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

இதைச் சொல்வதால் ஃபூட்டை முழுக்கத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஒரு கோடரி எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் அதை வைத்து ஏதாவது சொல்ல முடியும். பக்கத்தில் கரித்துண்டு இருந்தால் தேதி, தானியம் இருந்தால் சாப்பாடு, பானையோடு இருந்தால் உறவுக்காரர் யார் என்பது வரை தெரியும். மேல்மண்ணில் பொறுக்கிய கல்லுக்கு இதெல்லாம் கிடையாது. முதலில் நாகலூர்க்காரர் எடுத்துப் பிள்ளையாரிடம் வைத்தபோது கல் நகர்ந்தது கால் மைல். பிறகு துரை எடுத்து எழும்பூரில் வைத்தபோது இருநூறு மைலுக்கு மேல். என் தீர்ப்பைக் கேட்டால், இருவரில் குறைவாகத் தொந்தரவு செய்தவர் பிள்ளையார்தான். அந்த மலையின் கல் அந்த மலையிலேயே இருக்கிறது என்பதையாவது அவர் காப்பாற்றினார். ஃபூட் எண் போட்டு ஊர்ப் பெயரையும் எழுதி வைத்தார் என்பதால் அவருக்கும் பாதி மார்க் உண்டு. பூச்சியம் வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். வார இறுதியில் காரில் வந்து, எஸ்டேட் ஓரத்தில் கிடந்ததையோ கோயிலில் இருந்ததையோ “சூப்பரா இருக்கு” என்று எடுத்துப் போய், வரவேற்பறை அலமாரியில் கிரிஸ்டல் யானைக்குப் பக்கத்தில் வைக்கிறவர். அவர் வீட்டுக் கல்லுக்கு எண்ணும் இல்லை, ஊரும் இல்லை, பூசையும் இல்லை.

அவருக்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878-இல் பத்து ரூபாய்க்கு ஒரு குடும்பம் மாதம் சாப்பிடலாம். இன்று நாகலூர் டீக்கடையில் ஒரு டீ. ஆகவே நீங்கள் கண்டெடுக்கும் கோடரி ஒரு டீயைவிட மதிப்புள்ளதா என்பதுதான் சட்டத்தின் முன் உள்ள கேள்வி. அதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். மலையில் அப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மாநிலத் தொல்லியல் துறைக்கோ சேலம் ஆட்சியர் அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள். சாமி முன்னால் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அது ஏற்கெனவே பதிவேட்டில் ஏறிய பொருள்.